பழத்துக்கு என்ன பண்றாங்கன்னு பிரிச்சு எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழத்த பத்தி பேப்பர்ல வர்ற நியூஸ் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, ஆப்பிள கத்தியால சுரண்டி வெள்ளையா மெழுகு உதிர்ற மாதிரி ஒரு போட்டோ, மேல "விஷப் பழங்கள், மக்களே உஷார்"னு ஒரு தலைப்பு, உள்ள படிச்சா மெழுகு, கார்பைடு, மருந்து, கோல்டு ஸ்டோரேஜ் எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கலக்கி வச்சிருப்பாங்க. நான் பறிச்ச பழத்த பாதுகாக்குற தொழில்லயே ரொம்ப வருஷமா இருக்கேன், பேக்கிங் ஷெட், கோல்டு ரூம், பழுக்க வைக்குற ரூம்னு எல்லாத்துலயும் வேலை பாத்தவன். அதனால உரிமையோட கேக்குறேன், இதையெல்லாம் தனித்தனியா பிரிச்சு எழுதுங்க. இல்லன்னா படிக்கிறவங்க எதுக்கு பயப்படணும் எதுக்கு வேணாம்னு தெரியாம ஒரு வாரம் எல்லாத்துக்கும் பயந்துட்டு அப்புறம் எல்லாத்தையும் சேத்து மறந்துடுறாங்க, உண்மையிலயே தப்பு பண்றவன் ஜாலியா தப்பிச்சிடுறான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், பறிச்ச பழத்துக்கு உயிர் இருக்கு. மரத்த விட்டு வந்த அப்புறமும் மூச்சு விட்டுகிட்டேதான் இருக்கும், ஆக்சிஜன எடுத்து உள்ள இருக்குற சர்க்கரையையும் புளிப்பையும் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு கார்பன் டை ஆக்சைடையும் தண்ணியையும் சூட்டையும் வெளிய விடும். மரத்துல இருந்த வரைக்கும் சப்ளை வந்துட்டே இருந்துச்சு, பறிச்சதும் கையிருப்ப வச்சுதான் காலத்த ஓட்டணும். சூடு 10 டிகிரி ஏறுனா இந்த மூச்சு ரெண்டுல இருந்து மூணு மடங்கு வரைக்கும் வேகமாகும், அப்ப பழத்தோட ஆயுசும் அந்த கணக்குல குறையும். அதனால எந்த மருந்தையும் விட பெரிய ட்ரீட்மென்ட் குளிர்தான், அதுவும் சீக்கிரமா குடுக்குற குளிர். வெயில்ல பறிச்ச பழத்த பெட்டில போட்டு அப்படியே கோல்டு ரூம்ல அடுக்குனா நடு அடுக்குல இருக்குற பெட்டி குளிர ஒரு நாளுக்கு மேல கூட ஆகும், அதுக்குள்ள பாதி கதை முடிஞ்சிடும். அதனாலதான் ஃபேன் வச்சு குளிர் காத்த பெட்டி ஓட்டை வழியா உள்ள இழுத்து விடுறது, குளிர்ந்த தண்ணில நனைக்கிறதுன்னு தனியா ஒரு வேலை இருக்கு, ஸ்ட்ராபெரி மாதிரி பழத்துக்கெல்லாம் பறிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள இத ஆரம்பிச்சுடணும். இது பத்தி ஒரு நியூஸும் வராது, ஏன்னா இதுல பயமுறுத்த ஒண்ணும் இல்ல.

குளிர்னு சொன்னதும் எல்லாத்தையும் ஐஸ் மாதிரி வச்சிடவும் கூடாது. ஆப்பிளுக்கு 0 டிகிரி பக்கத்துல இருந்தா நல்லது, வாழைப்பழத்துக்கு 13 டிகிரிக்கு கீழ போனா தோல் சாம்பல் கலர்ல மங்கிடும், அப்புறம் வெளிய எடுத்து வச்சாலும் ஒழுங்கா பழுக்காது. மாங்காயும் அந்த ரகம்தான், வெப்ப நாட்டு பழம் நிறைய இப்படித்தான், குளிர் பட்ட காயம் உடனே தெரியாது, வெளிய எடுத்து ரெண்டு நாள் கழிச்சு குழி விழுந்து கருக்கும்போதுதான் தெரியும். வீட்டு ஃப்ரிட்ஜ்ல காயா இருக்குற மாங்காய வச்சுட்டு "கடைக்காரன் ஏமாத்திட்டான், பழுக்கவே இல்ல"ன்னு திட்டுறவங்கள நான் பாத்திருக்கேன், பாவம் அந்த கடைக்காரர்.

கழுவுறதுல கூட ஒரு சூட்சுமம் இருக்கு, சொன்னா ஆச்சரியப்படுவீங்க. சூடா இருக்குற பழத்த ஜில்லுனு இருக்குற தண்ணில முக்குனா பழத்துக்குள்ள இருக்குற காத்து சுருங்கும், சுருங்குனா காம்பு இருந்த இடத்து வழியா தண்ணிய உள்ள இழுக்கும், அந்த தண்ணி அழுக்கா இருந்தா கிருமியும் கூடவே உள்ள போயிடும், அப்புறம் மேல எவ்வளவு தேச்சு கழுவுனாலும் பிரயோஜனம் இல்ல. அதனால சும்மா கழுவுறதா இருந்தா தண்ணி பழத்த விட ஒரு 5 டிகிரி சூடா இருக்கணும்னு சொல்லுவாங்க, குளிர வைக்கிறதுக்காகவே நனைக்கிறதா இருந்தா தண்ணில குளோரின் சரியா இருக்கணும், பொதுவா 100ல இருந்து 200 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்குன்னு ஒரு கணக்கு), அதுவும் தண்ணியோட பிஹெச், அதாவது அமில கார அளவு, 7 பக்கத்துல இருந்தாதான் குளோரின் வேலை செய்யும். காலைல ஊத்துன தண்ணிய மாத்தாம சாயங்காலம் வரைக்கும் ஓட்டுறவங்க இருக்காங்க, அந்த தொட்டிய போட்டோ எடுத்து போட்டீங்கன்னா அது உருப்படியான நியூஸ்.

இப்ப மெழுகுக்கு வர்றேன். ஆப்பிள் தோல்ல இயற்கையாவே மெழுகு உண்டு, தூசியையும் மருந்தையும் போக்க கழுவுறப்ப அதுல கொஞ்சம் போயிடும், அப்ப பழத்துல இருந்து தண்ணி சீக்கிரம் ஆவியாகி தோல் சுருங்கும், எடைல 5, 6 சதவீதம் போனாலே நிறைய பழம் வாடுன மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும். அந்த இழப்ப ஈடுகட்டத்தான் மறுபடியும் ஒரு பூச்சு குடுக்குறாங்க. பெரும்பாலும் ரெண்டு பொருள், ஒண்ணு கார்னாபா, பிரேசில்ல ஒரு பனை வகை மரத்தோட இலைல இருந்து எடுக்குற மெழுகு, இன்னொண்ணு ஷெல்லாக், அரக்கு பூச்சிகிட்ட இருந்து கிடைக்கிறது. ரெண்டும் சாக்லேட், மாத்திரை மேல எல்லாம் பளபளப்புக்கு பூசுறதுதான், இ903, இ904னு நம்பர் போட்டிருக்கும். ஒரு பழத்துக்கு ஒண்ணு ரெண்டு சொட்டுதான் போகும், வயித்துல செரிக்காம அப்படியே வெளிய போயிடும். ஷெல்லாக் பூசுன பழத்த கோல்டு ரூம்ல இருந்து புழுக்கமான இடத்துக்கு எடுத்துட்டு வந்தா வேர்த்து பூச்சு வெள்ளையா பூத்துடும், உங்க போட்டோல கத்தில ஒட்டியிருக்குறது பல நேரம் அதுதான்.

மெழுகுல தப்பே இல்லையான்னா இருக்கு, ஆனா நீங்க எழுதுற தப்பு இல்ல. பூச்சு தடிமனா போச்சுன்னா பழத்துக்கு மூச்சு முட்டும், ஆக்சிஜன் இல்லாம உள்ள புளிக்க ஆரம்பிச்சு ஆல்கஹால் வாடை வரும், பளபளன்னு இருக்குற ஆரஞ்ச உரிச்சு வாயில போட்டா ஒரு மாதிரி மக்குன ருசி வருதே, அதுக்கு இது ஒரு காரணம். பளபளப்பு கூடக்கூட வியாபாரம் கூடும்னு ஷெல்லாக்க அள்ளி அப்புறாங்க. ரெண்டாவது, ஆரஞ்சு எலுமிச்சைக்கெல்லாம் பச்சை பூஞ்சை பிடிக்காம இருக்க இமாசலில், தையாபெண்டசோல் மாதிரி மருந்த பூச்சுலயே கலந்து அடிக்கிற வழக்கமும் இருக்கு. அளவுக்குள்ள இருந்தா அனுமதி உண்டு, ஆனா அது வாங்குறவங்களுக்கு தெரியணுமா வேணாமா? ஐரோப்பிய யூனியன்ல சிட்ரஸ் பழப் பெட்டில பறிச்ச அப்புறம் என்ன மருந்து போட்டோம்னு எழுதியே ஆகணும். தோல துருவி சமையலுக்கு போடுறவங்களுக்கு இந்த தகவல் ரொம்ப முக்கியம், மெழுகு போட்டோவ விட நூறு மடங்கு முக்கியம்.

அடுத்து கேஸ் சமாச்சாரம். இத பத்திதான் நான் கொஞ்சம் நீட்டி எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

பழம் தன்ன தானே பழுக்க வச்சுக்க ஒரு கேஸ் விடுது, எத்திலின். இந்த கேஸ் செடிய பாதிக்குதுன்னு 1901லயே நெல்யுபோவ்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி கண்டுபிடிச்சார், பழமே இத தயாரிக்குதுன்னு 1934ல ரிச்சர்ட் கேன் நிரூபிச்சார். காத்துல 0.1 பிபிஎம், அதாவது ஒரு கோடில ஒரு பங்கு இருந்தாலே நிறைய பழத்துக்கு போதும், பழுக்க ஆரம்பிச்சிடும். அதுலயும் ஆப்பிள், வாழை, மா, பப்பாளி, கிவி எல்லாம் ஒரு பழம் கேஸ் விட ஆரம்பிச்சா பக்கத்து பழத்தையும் கிளப்பி விட்டுடும். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி எல்லாம் அப்படி இல்ல, பறிச்சப்ப என்ன இனிப்போ அதோட சரி, அப்புறம் இனிப்பு ஏறாது. புளிக்கிற திராட்சைய வாங்கிட்டு வந்து ரெண்டு நாள் வச்சா இனிக்கும்னு காத்திருக்குறவங்களுக்கு இத ஒரு பெட்டிச் செய்தியாவாவது போடலாம்.

ஆக, நாள்பட வைக்கணும்னா ஒண்ணு இந்த எத்திலின வெளிய எடுக்கணும், இல்ல பழம் அத கண்டுக்காம பண்ணணும். எடுக்குறதுக்கு பெட்டிக்குள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொட்டலம் போடுவாங்க, ஊதாவா இருக்குறது எத்திலின இழுத்து இழுத்து பழுப்பா மாறிடும், பழுப்பாச்சுன்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். கண்டுக்காம பண்றதுதான் 1-எம்சிபின்னு ஒரு கேஸ். அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டில சிஸ்லர், பிளாங்கன்ஷிப்னு ரெண்டு பேர் 1990கள்ல கண்டுபிடிச்சது, 2002ல அங்க பழத்துக்கு அனுமதி கிடைச்சது. எத்திலின் வந்து உக்கார வேண்டிய இடத்துல இது முன்னாடியே போய் உக்காந்துக்கும், பூட்டுக்குள்ள வேற சாவிய விட்டு உடைச்ச மாதிரி, அப்புறம் எத்திலின் எவ்வளவு தட்டுனாலும் கதவு திறக்காது. மூடுன ரூம்ல ஒரு பிபிஎம் அளவுக்கு ஒரு நாள் விட்டா போதும், பழத்துல மிச்சம் தங்குறது சொல்லிக்கிற அளவுக்கு இருக்காது.

இதோட கைகோத்து போறது காத்த மாத்தி வைக்கிற ஸ்டோரேஜ். கேம்பிரிட்ஜ்ல கிட், வெஸ்ட்னு ரெண்டு பேர் 1920கள்ல ஆப்பிள வச்சு பண்ண ஆராய்ச்சில வந்தது. நாம சுவாசிக்கிற காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம், அந்த ரூம்ல அத 1ல இருந்து 3 சதவீதத்துக்கு இறக்கிடுவாங்க, மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். பழம் மூச்ச மெதுவாக்கி தூங்குற மாதிரி கிடக்கும், சில ரக ஆப்பிள் 10 மாசம் வரைக்கும் மொறுமொறுன்னு இருக்கும். இந்த ரூம் கதவுல பெரிய எழுத்துல அபாயம்னு எழுதி பூட்டி வச்சிருப்பாங்க, ஏன்னா தெரியாம உள்ள தலைய நீட்டுனா ரெண்டு மூச்சுலயே மயங்கி விழுந்துடுவோம், காப்பாத்தப் போறவனும் சேந்து விழுவான். வாடை கிடையாது, கண்ணுக்கு தெரியாது, மூச்சு திணறுதுன்னு கூட தோணாது. இந்த தொழில்ல உண்மையான ஆபத்து யாருக்குன்னு கேட்டா பழம் சாப்பிடுறவங்களுக்கு இல்ல, இந்த ரூம் பக்கத்துல வேலை பாக்குற பசங்களுக்குத்தான்னு சொல்லுவேன்.

சரி, இவ்வளவும் நல்லதுதான்னா எனக்கு என்ன குறைன்னு கேப்பீங்க. ருசி. 1-எம்சிபியும் சரி, ஆக்சிஜன் இறக்குன ரூமும் சரி, பழம் மெத்துனு ஆகுறத தடுக்குறப்ப வாசனையையும் சேத்து அமுக்கிடுது. ஆப்பிளோட மணம் பெரும்பாலும் எஸ்டர்னு சொல்ற வாசனைப் பொருள்ல இருந்து வருது, அது உருவாக எத்திலின் வேணும், எத்திலின் வேலைய நிறுத்துனா மணமும் நின்னுடும். அதனாலதான் கடிச்சா சத்தம் வருது, ஜூஸ் வருது, ஆனா கண்ண மூடிகிட்டு சாப்பிட்டா எந்த ரகம்னே தெரியல. விஷம்னு கத்துறத விட்டுட்டு "ஏங்க, போன வருஷத்து பழத்த இந்த வருஷத்து புதுப் பழம் மாதிரி விக்கிறீங்களே"ன்னு கேட்டா வியாபாரிகிட்ட பதில் இருக்காது.

அதுக்கும் மேல ஒரு விஷயம், எந்த ட்ரீட்மென்டும் கெட்ட பழத்த நல்ல பழமா ஆக்காது. இருக்குற தரத்த பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். தரம் முடிவாகுறது தோட்டத்துலயும் பறிக்கிற அன்னிக்கும்தான். ஆப்பிள் தோட்டத்துல அயோடின் டெஸ்ட்னு ஒண்ணு பண்ணுவாங்க, பழத்த குறுக்கால வெட்டி அயோடின் கரைசல்ல முக்கி எடுத்து கொஞ்ச நேரம் வச்சா மாவுச்சத்து இருக்குற இடமெல்லாம் நீலக் கருப்பா மாறிடும், சர்க்கரையா மாறுன இடம் வெள்ளையா நிக்கும். முழுசும் கருப்புன்னா இன்னும் பிஞ்சு, நடுவுல விதைய சுத்தி வெள்ளை விழுந்து வெளிப்பக்கம் கருப்பு நின்னா நீண்ட நாள் வைக்கலாம், முக்காவாசி வெள்ளைன்னா உடனே வித்துடணும். ரெண்டு நிமிஷ வேலை, அயோடின் தவிர செலவு ஒண்ணும் இல்ல. விலை நல்லா இருக்குன்னு பிஞ்சுலயே பறிச்சுட்டு அப்புறம் எந்த கேஸ விட்டாலும் அது ருசிக்காது.

கால்சியமும் அப்படித்தான், தோட்டத்துலயே பாத்துக்க வேண்டியது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல பசை மாதிரி இருக்குற பெக்டின கெட்டியா பிடிச்சு வைக்கிறது கால்சியம். வேர்ல இருந்து தண்ணியோட ஏறி வர்றப்ப இலைதான் நிறைய ஆவியாக்குது, அதனால கால்சியம் பெரும்பாலும் இலைக்கு போயிடும், ஒரு தடவ இலைக்கு போனது திரும்பி பழத்துக்கு வராது. மண்ணுல கொட்டிக் கொட்டி பிரயோஜனம் இல்லாம போறது இதனாலதான், கால்சியம் குளோரைட கரைச்சு பழத்து மேலயே படுற மாதிரி தெளிக்கணும், இல்லன்னா பறிச்ச அப்புறம் முக்கி எடுக்கணும். இது குறைஞ்ச ஆப்பிள்ல ஸ்டோரேஜ்ல இருக்குறப்ப தோலுக்கு கீழ பழுப்பு புள்ளி புள்ளியா வந்து கசக்கும், வாங்குனவங்க பூச்சின்னு நினைச்சு தூக்கி போட்டுடுவாங்க.

மருந்தே இல்லாம பண்ற வேலையும் இருக்கு. மாம்பழத்துல கருப்பு புள்ளி விழுற பூஞ்சை நோய் காயா இருக்குறப்பவே தோல்ல வந்து சும்மா படுத்திருக்கும், பழுக்குறப்பதான் கிளம்பும், அத 50, 55 டிகிரி வெந்நீர்ல சில நிமிஷம் முக்குனா அடக்கிடலாம். ரெண்டு டிகிரி கூடுனாலோ நேரம் கூடுனாலோ தோல் வெந்துடும், குறைஞ்சா பூஞ்சை சாகாது, அதனால தெர்மாமீட்டர் இல்லாம கை வச்சு பாத்து பண்ற வேலை இல்ல. திராட்சைப் பெட்டில மேல ஒரு பேப்பர் மாதிரி இருக்குமே, அதுல சோடியம் மெட்டாபைசல்ஃபைட் இருக்கு, ஈரம் பட்டா கந்தக வாயு விட்டு சாம்பல் பூஞ்சைய தடுக்கும், அதிகமாச்சுன்னா காம்பு பக்கத்துல பழம் வெளுத்துடும். அப்படி வெளுத்த திராட்சைய ஆஸ்துமா இருக்குறவங்க தவிர்க்குறது நல்லது. கதிர்வீச்சு பத்தியும் பயப்படுறாங்க, பூச்சிய மலடாக்கவும் பழுக்குறத தள்ளிப் போடவும் 1 கிலோகிரேக்குள்ள (கதிர்வீச்ச அளக்குற அலகு) குடுப்பாங்க, பழத்துல கதிர்வீச்சு தங்காது, எக்ஸ்ரே எடுத்துட்டு வர்ற மனுஷன்கிட்ட தங்காத மாதிரிதான்.

கார்பைடு மட்டும் தனி. இதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கால்சியம் கார்பைடுல ஈரம் பட்டா அசிட்டிலின் வரும், எத்திலின் பண்ற வேலைய அது அரைகுறையா பண்ணும், அதுக்கு எத்திலின விட பல மடங்கு அதிகமா தேவைப்படும். தொழிற்சாலைக்குன்னு செஞ்ச பொருள், அதுல ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலப்படமா இருக்கும், தீப்பிடிக்கிற ஆபத்து வேற. தோல் மஞ்சளா மாறும், உள்ள காயாவே இருக்கும். எத்திலின் கேஸ் ரூம்ல அதிகபட்சம் 100 பிபிஎம், ஒண்ணு ரெண்டு நாள், சரியான சூடு, ஈரம் வச்சு நிதானமா பழுக்க வைக்கலாம், பழம் தானா விடுற அதே கேஸ்தான். இப்படி ஒழுங்கா ரூம் கட்டி பண்றவரையும் பொட்டலம் பொட்டலமா கார்பைடு வீசுறவனையும் "செயற்கையா பழுக்க வைக்கிறாங்க"ன்னு ஒரே வரில எழுதுனா ஒழுங்கா பண்றவருக்கு என்ன மரியாதை இருக்கு, அவரு எதுக்கு இனிமே செலவு பண்ணி ரூம் கட்டணும்?

அறுவடைக்கும் கடைக்கும் நடுவுலயே உலகத்துல விளையுற சாப்பாட்டுல சுமார் 14 சதவீதம் வீணாகுதுன்னு ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு 2019ல சொல்லுச்சு, பழம் காய்கறில அது இன்னும் அதிகம். அதனால ட்ரீட்மென்டே வேணாம்னு யாராவது சொன்னா அவங்க பாதி பழத்த குப்பைல கொட்டத் தயாரான்னு கேக்கணும்.

கடைசியா ஒரு கோரிக்கை. பழத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல 4 இலக்க நம்பர் இருக்கும், வாழைப்பழத்துக்கு 4011 மாதிரி, 9ல ஆரம்பிக்கிற 5 இலக்கம்னா ஆர்கானிக். அது பில் போடுறதுக்கான நம்பர், என்ன பூசுனாங்க, எப்ப பறிச்சாங்கன்னு அதுல ஒண்ணும் கிடையாது, வாட்ஸ்அப்ல அத வச்சு என்னென்னவோ கதை விடுறாங்க. ஸ்டிக்கர்ல இடம் இல்லன்னா பெட்டில எழுதட்டும், மூணே மூணு வரி, பறிச்ச மாசம், மேல பூசுன பொருள், ஸ்டோரேஜ்ல விட்ட கேஸ். பேக்கிங் ஷெட்ல இந்த மூணும் ரெஜிஸ்டர்ல ஏற்கனவே எழுதி வச்சிருப்பாங்க, புதுசா ஒண்ணும் பண்ண வேணாம், பெட்டிக்கு வெளிய வந்தா போதும். உங்க நிருபர்கள விட்டு பெரிய பெரிய பழ வியாபாரிங்ககிட்ட இத ஏன் எழுத மாட்டேங்குறீங்கன்னு நேரடியா கேட்டு, அவங்க சொல்ற பதில பேரோட போடுங்க.

இப்படிக்கு,
பேக்கிங் ஷெட் வாசகன் ஒருவன்